ஜெனோவாவில் சிவப்புக் கலர்

1

போன வியாழக்கிழமை மதியம் ஒரு கூஜா ஒயினை வாயில் வைக்காமலேயே திருப்பி அனுப்பினேன்.

மலைமேல் இருக்கிற பெரிய ஓட்டல் அது. மேசைக்கு வெள்ளைத் துணி, பரிமாறுகிறவருக்குக் கறுப்புக் கோட்டு. சாப்பிட வருகிறவர்களைவிட அவருக்குத்தான் மிடுக்கு அதிகம். எனக்கு எதிரே, எங்கள் கம்பெனியில் தோல் வாங்க வந்த ஒரு வியாபாரி உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கூஜாவிலிருந்து சிவப்பு ஒயினை ஊற்றினார்கள். புஸ்ஸென்று பொங்கியது. கோப்பையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். கீழே வைத்துவிட்டேன்.

"இது சாதா ஒயினில் சோடா ஊற்றியது. நல்லதைக் கொண்டு வாருங்கள்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்தக் கறுப்பு மனுஷனுக்கு ஒயினைப் பற்றி என்ன தெரியும் என்பதுதான் அந்தப் பார்வைக்கு அர்த்தம். நானும் விடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனவர், மூடி திறக்காத பாட்டிலோடு திரும்பி வந்தார். அதைத் திறந்ததும் வியாபாரி ஒரு வாய் குடித்துவிட்டு மேசையைத் தட்டினார். "இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டார். ராயபுரத்தில் என்றேன். அது இத்தாலியில் எந்த ஜில்லா என்று கேட்டார்.

இந்தப் பத்திரிகையின் ஆசிரியர், ஐரோப்பிய நாகரிகத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதும்படி என்னைக் கேட்டு வெகு நாளாகிறது. நாகரிகத்தைப் பற்றி எழுதக் காலேஜில் படித்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தவை இரண்டே சங்கதிகள். ஒன்று, பதனிட்ட தோல். மற்றொன்று, இந்த ஊர் ஓட்டல்களில் பொங்குகிற சிவப்பு ஒயின் எங்கே நன்றாகக் கிடைக்கும் என்பது. தோலைப் பற்றி எழுதினால் உங்களுக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். ஆகவே ஒயின். நம் ஊரில் மதுவிலக்கு அமலில் இருப்பது எனக்குத் தெரியும். குடிக்கத்தான் டாக்டர் சர்ட்டிபிகேட்டும் பெர்மிட்டும் வேண்டும், படிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

2

நான் ராயபுரத்தில் ஒரு தோல் கிடங்கில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவன். நாங்கள் அனுப்புகிற சரக்கை ஜெனோவா துறைமுகத்தில் இறக்குகிற கம்பெனிக்கு, மெட்ராஸ் தோலைத் தொட்டுப் பார்த்தே ரகம் சொல்லக்கூடிய ஓர் ஆள் தேவைப்பட்டது. ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று சொல்லி என்னை அனுப்பினார்கள். அந்த ஒரு வருஷம் இன்னும் முடிந்தபாடில்லை. என் மனைவி பிலோமினா பின்னாலேயே கப்பல் ஏறி வந்தாள். எங்கள் பெண் ரோசி இங்கேதான் பிறந்தாள்.

காலையில் கிடங்கைத் திறந்து முதல் தோல் கட்டைப் பிரித்ததும், அதைப் பதனிட்ட ஆவாரம்பட்டையின் வாசனை குப்பென்று வரும். கூட இருக்கிற இத்தாலிக்காரர்கள் ஜன்னலைத் திறக்க ஓடுவார்கள். நான் ஓடமாட்டேன். அந்த வாசனையில் ஒரு நிமிஷம் ராயபுரம் கூட்ஸ் ஷெட்டில் நின்றுவிட்டு வந்துவிடுவேன்.

தரம் பார்ப்பதோடு வேலை முடிந்துவிடும் என்றுதான் வந்தேன். ஆனால் இங்கே வியாபாரம் சாப்பாட்டு மேசையில்தான் நடக்கிறது. மொதேனா பக்கத்திலிருந்து புருனோ என்று ஒரு செருப்புத் தோல் வியாபாரி வருவார். மலை மாதிரி ஆள். அவரைச் சாப்பிட அழைத்துப் போவது என் பொறுப்பு. அவருடைய ஊரில் லம்புருஸ்கோ என்கிற சிவப்பு ஒயின் உண்டு. நம் சோடாக் கடைக் கலர் மாதிரியே பொங்கும். அது இல்லாமல் அவர் கையெழுத்துப் போட மாட்டார்.

முதல் நாள் நடந்ததைச் சொன்னால் நம் மாதா கோயில் தெருக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள். நமக்கு ஒயின் என்றால் பூசையில் சாமியார் மட்டும் பாத்திரத்தில் ஏந்திக் குடிப்பது. நாம் முழங்காலில் நின்று தலை குனிந்திருப்போம், கண்ணால்கூடப் பார்க்க மாட்டோம். அந்த ஓட்டலில் புருனோ சிவப்பு ஒயினை ஊற்றிக் கோப்பையை இரண்டு கையாலும் தூக்கினார். என் கை தானாக நெற்றிக்குப் போய் மார்புக்கு வந்து சிலுவை போட்டுவிட்டது. தலையும் குனிந்துவிட்டது. ஓட்டலில் பேச்சு நின்றுவிட்டது. யாரோ செத்துவிட்டார்கள் போல என்று நினைத்துப் பக்கத்து மேசைக் கிழவர் தன் தொப்பியை எடுத்துவிட்டார். புருனோ தானும் ஒரு சிலுவை போட்டுவிட்டு மடமடவென்று குடித்தார். அன்றிலிருந்து என்னிடம்தான் தோல் வாங்குகிறார்.

3

நல்ல லம்புருஸ்கோ ஜெனோவாவில் லேசில் கிடைப்பதில்லை. வேறு ஊரிலிருந்து வெயிலில் வந்து இறங்குவதற்குள் பாதி பாட்டிலில் உயிர் போயிருக்கும். உயிர் போனதை வீணாக்காமல் அதில் சோடாவை ஊற்றிக் கொடுக்கிற ஓட்டல்கள் ஏராளம். புதிதாக வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். நான் ஏமாந்ததில்லை. காரணம், நான் சோடாக் கடைக்கு எதிர்வீட்டில் பிறந்தவன்.

சோடாவில் இருக்கிற குமிழி பெரிசு. அடியிலிருந்து அவசர அவசரமாக மேலே ஓடிவந்து வெடித்துவிடும், நுரை நிற்காது. ஒயின் தானாகப் பொங்கினால் குமிழி பொடிப்பொடியாக இருக்கும். நுரை கனகாம்பர நிறத்துக்கும் ரோஜா நிறத்துக்கும் நடுவில் ஒரு நிறத்தில் எழும்பி, சற்று நின்று, ஓரத்தில் வளையமாக ஒட்டிக்கொண்டு இறங்கும். நாக்கில் இனிப்பு முந்தக் கூடாது. முதலில் புளிப்பு, அப்புறம் பழம், கடைசியில் துளி கசப்பு. ஐஸில் போட்டுக் கொல்லாமல் கிணற்றுத் தண்ணீர் அளவுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். இவ்வளவுதான் சூத்திரம். இதைத் தெரிந்துகொள்ள ஒரு மனிதன் எத்தனை ஓட்டல் ஏறி இறங்க வேண்டியிருந்தது என்பதைப் பிலோமினாவிடம் கேளுங்கள்.

தேடித் தேடிக் கடைசியில் கண்டுபிடித்தது தெரேசா அம்மாள் ஓட்டல். துறைமுகத்துக்கு மேலே, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில் இருக்கிறது. நாலைந்து மேசை. துணி கிடையாது. அந்த அம்மாளின் தம்பி மொதேனா பக்கம் சொந்தத் தோட்டத்தில் ஒயின் போடுகிறவர். பாட்டில்களை ராத்திரி ரயிலில், வெயில் படாமல் ஏற்றி அனுப்புவார். புருனோ அதைக் குடித்த அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அங்கே முதல்முறை போனபோது ஒரு வேடிக்கை. இன்னும் மீன் வேண்டுமா என்று அந்த அம்மாள் கேட்டார். வேண்டும் என்று நம் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த ஊரில் அதற்கு அர்த்தம் வேறு. இப்போதெல்லாம் என் தலையைக் கையால் பிடித்துக்கொண்டுதான் கேட்பார்.

அந்த ஓட்டலில் எனக்குப் பிடித்த இன்னொன்றும் உண்டு. குழந்தைகளுக்குக் கொடுக்கிற சோடா. பாட்டில் கழுத்தில் கோலி! நம் ஊரில் இருப்பது போலவே, கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகிற கண்ணாடிக் கோலி. முதலில் பார்த்தபோது ரோசியைவிட நான்தான் அதிகம் குதித்தேன்.

4

வெளிநாட்டுக்காரர்கள் வருஷா வருஷம் போலீஸ் ஆபீஸில் போய்த் தங்குகிற அனுமதியைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். முதல் வருஷம் அங்கே இருந்த குமாஸ்தா, குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். ஞானப்பிரகாசம் என்பது என் பெயர், லாசர் என்பது அப்பா பெயர், குடும்பத்துக்கென்று தனியாகப் பெயர் கிடையாது என்று எனக்கு அப்போது தெரிந்த அரைகுறை இத்தாலியில் விளக்கினேன். குடும்பம் இல்லாமல் மனிதன் எப்படி இருக்க முடியும் என்று அவர் கேட்டார். பாஸ்போர்ட்டில் தேடினார். எந்த ஊர் என்கிற இடத்தில் கண்ணைக் கவரும்படி பெரிசாக ஒரு வார்த்தை இருந்தது. அதை எடுத்து எழுதி, முத்திரையைக் குத்திவிட்டார்.

அன்று முதல் நாங்கள் ராயபுரம் குடும்பத்தார். மாற்றச் சொல்லி மூன்று ஜன்னல் அலைந்தேன். ஒவ்வொரு ஜன்னலும் அடுத்த ஜன்னலைக் காட்டியது. பிறகு யோசித்துப் பார்த்தேன். மாற்றுவானேன்? பள்ளிக்கூடத்தில் டீச்சர் "ரோசா ராயபுரம்" என்று கூப்பிட, என் பெண் எழுந்து நிற்கிறாள். இந்தப் பெருமை ராயபுரத்திலேயே இருப்பவர்கள் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறது?

ஆனால் அந்த ராயபுரத்துக்குத் தமிழ் வரவில்லை. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் இத்தாலியில் பதில் சொல்வாள். தூக்கத்தில் உளறுவதும் இத்தாலிதான். தெருவில் நான் தமிழில் சத்தமாகக் கூப்பிட்டால், வேறு யாருடைய அப்பாவோ என்பது போல முன்னால் நடந்துவிடுவாள். பிலோமினா அதற்காக அழுதிருக்கிறாள். நான் அழுததில்லை. கோபப்பட்டிருக்கிறேன்.

5

இனி விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு ராயபுரத்தில் எங்கள் சந்தின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் சந்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திவிட்டால், ராசியாவது சோடாக் கடையில்தான். இவர் வீட்டுக்கு அவர் போக மாட்டார், அவர் வீட்டுக்கு இவர் போக மாட்டார், கடை பொது. ஒரு சிவப்புக் கலர் பாட்டிலை உடைத்து இரண்டு டம்ளரில் ஊற்றுவார்கள். நுரை அடங்குவதற்குள் இரண்டு பேரும் குடித்துவிட வேண்டும். குடித்தால் சண்டை தீர்ந்தது. அதற்கப்புறம் பழைய கதையை எடுக்கவே கூடாது. எடுத்தால் சந்தே சேர்ந்து காறித் துப்பும். இந்த வழக்கத்தை ஆரம்பித்ததே சோடாக் கடைக்காரர்தான் என்று எனக்குச் சந்தேகம். எங்கள் சந்தில் சண்டைக்குப் பஞ்சமில்லை, அவருக்கு வியாபாரத்துக்கும் பஞ்சமில்லை.

பிலோமினாவின் அண்ணன் சவரிமுத்து அந்தச் சந்தில் பெரிய பேர் எடுத்தவர். துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு, பிறகு கப்பலில் இன்ஜினுக்கு எண்ணெய் விடுகிற வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய அப்பா எர்ணாவூர்த் தோப்புகளில் கள்ளில் ஆரம்பித்துச் சாராயத்தில் முடிந்தவர். அப்பாவின் சவப்பெட்டியின் மேல் கையை வைத்து, ஒரு சொட்டு தொட மாட்டேன் என்று மாதாவுக்குச் சத்தியம் செய்தார் சவரி. அப்போது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. பக்கத்தில் நின்றவன் நான். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடுகிற திராட்சை ஒயினைக்கூட அவர் மோந்து பார்க்க மாட்டார். கல்யாண வீடுகளில் அவருக்கென்று தனியாகச் சிவப்புக் கலர் வந்துவிடும்.

நாங்கள் இங்கே வந்த பிறகு, பிலோமினாவின் அம்மா படுக்கையில் விழுந்தார். உடனே புறப்படு என்று சவரியின் தந்தி வந்தது. பிலோமினா அப்போது நிறைமாதம். கப்பல் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதையும் தந்தியில் சொன்னோம். சில வாரங்களில் அம்மா போய்விட்டார். சவரியிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. இனி இந்த வீட்டில் உனக்கு யாரும் இல்லை என்று. அதற்கப்புறம் பிலோமினா எழுதிய எதற்கும் பதில் இல்லை. ரோசிக்கு என்ன வயதோ, அந்த மௌனத்துக்கும் அதே வயது.

பிலோமினா சாப்பிட்டாள், தைத்தாள், இத்தாலி பேசக் கற்றுக்கொண்டாள், சிரிக்கவும் செய்தாள். ஆனால் வேலைக்கு நடுவில் திடீரென்று கையை நிறுத்திவிட்டு என்னைக் கேட்பாள்: "கடேசில அம்மா என்னிய கேட்டிருக்குமா? ஒரு தபா, ஒரே ஒரு தபாவாவது கேட்டிருக்குமா?" இதற்குப் பதில் தெரிந்த ஆள் ஏதோ ஒரு கப்பலின் அடித்தட்டில் இருந்தார்.

6

போன வருஷம், இதே மாதத்தில், மெட்ராஸ் சரக்கோடு வந்த ஒரு கப்பலிலிருந்து தோல் கட்டுகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே கம்பியில் சாய்ந்துகொண்டு, எண்ணெய்க் கறை படிந்த பனியனோடு ஒருவர் என்னையே பார்த்தார்.

"இன்னா மாப்ள, கோட்டு கீட்டெல்லாம் போட்டுகினு சோக்கா கீற?"

என் கையில் இருந்த பென்சில் விழுந்துவிட்டது. "மச்சான்!" என்று கத்தினேன். இறங்கி வந்தார். தாடை நரைத்திருந்தது. ஊர்க்கதை பேசினார், கப்பல் கதை பேசினார், தங்கச்சியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"பிலோமினா இங்கதான் கீது. வூட்டுக்கு வா மச்சான்."

"வூட்டுக்கெல்லாம் வரமாட்டேன். சாயங்காலம் கப்பல் பொறப்படுது."

"ஓட்டலுக்கு வருவியா? ஓட்டலுக்கு வரமாட்டேன்னு யாருக்கும் சத்தியம் பண்ல இல்ல?"

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "கப்பல் சோறு துன்னு துன்னு நாக்கு செத்துப் போச்சி. சோத்துக்காக வரேன். வேற எதுக்கும் இல்ல, தெரிஞ்சிக்கோ" என்றார்.

வீட்டுக்கு ஓடினேன். பிலோமினா கேட்டதும் பெட்டியைத் திறந்து கல்யாணப் புடவையை எடுத்தாள். கட்டிக்கொள்ளும்போது கொசுவம் மூன்று முறை நழுவியது.

மதியம் நாங்கள் மூன்று பேரும் அவரோடு சந்தில் ஏறினோம். அண்ணன் முன்னால், தங்கை பின்னால், நடுவில் நானும் ரோசியும். ஓட்டல் வாசலில் தெரேசா அம்மாள் கையை விரித்துக்கொண்டு, "வாருங்கள் சிஞோர் ராயபுரம்!" என்றார்.

சவரி நின்றுவிட்டார். "இன்னா சொல்லுது அந்தம்மா? ராயபுரமா?"

"அதான் மச்சான் இங்க எம்பேரு. இதோ, இதும் ராயபுரம்தான்" என்று ரோசியைக் காட்டினேன்.

அவர் ரோசியை அப்போதுதான் நேராகப் பார்த்தார். "அட, ஊரையே இஸ்துகினு வந்துட்டியா" என்றார். உள்ளே வந்து உட்கார்ந்தார்.

வறுத்த மீன் வந்தது. பிலோமினா பெரிய துண்டாகப் பார்த்து அண்ணன் தட்டில் வைத்தாள். அவர் அதைச் சாப்பிட்டார், ஆனால் நிமிரவில்லை. அப்போதுதான் தெரேசா அம்மாள், நான் வந்தால் எப்போதும் கேட்பதுதானே என்று, நான் சொல்லாமலேயே தம்பி தோட்டத்துப் பாட்டிலைக் கொண்டு வந்து திறந்துவிட்டார். டப்பென்ற சத்தம். விருந்தாளிக்கு முதல் மரியாதை என்று சவரி முன்னால் ஒரு கோப்பை, பிலோமினா முன்னால் ஒரு கோப்பை வைத்து ஊற்றினார். சிவப்பு. அதன் மேல் ரோஜா நிற நுரை.

சவரி அந்த நுரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகம் அப்படியே இளகிப்போனது. "கலர் வாங்கி வச்சிகீறியா மாப்ள?" என்று மெதுவாகக் கேட்டார். "அதுக்குத்தான் ஓட்டலுக்கு இட்டாந்தியா?"

கையை நீட்டிக் கோப்பையை எடுத்தார். பிலோமினாவும் எடுத்தாள். மேசைக்கு அடியில் அவள் கால் என் காலை அழுத்தியது. அது ஒயின் என்று அவளுக்குத் தெரியும். அண்ணனின் சத்தியமும் தெரியும். சொல்லிவிடாதீர்கள் என்று அவள் கண் கெஞ்சியது. ஒரு வாய். ஒரே ஒரு வாய் குடித்துவிட்டால் அத்தனை வருஷமும் தீர்ந்துவிடும். அவர் அதைக் கலர் என்றே நினைத்துக்கொண்டு கப்பல் ஏறிவிடுவார்.

அந்த நேரத்தில் எனக்கு என் நாக்கை அறுத்துப் போட்டுவிடலாம் போல இருந்தது. ஆனால் பெட்டிமேல் கை வைத்த அந்தப் பையனின் முகம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கோப்பை அவர் வாய்க்குப் பக்கத்தில் போய்விட்டது.

"மச்சான், கீழ வை. அது கலர் இல்ல. ஒயினு."

கோப்பை அப்படியே நின்றது. மெல்ல இறக்கி வைத்தார். தங்கையைப் பார்த்து, அத்தனை வருஷத்துக்கு அப்புறம் முதல் வார்த்தையாக அவர் கேட்டது இதுதான்: "உனுக்குத் தெரியுமா?"

பிலோமினா தலையை ஆட்டினாள். கண்ணீர் கொட்டியது. "நீ ஒரு வார்த்த பேசுவியேன்னுதான்ணே..."

அவர் எழுந்துவிட்டார். தொப்பியை எடுத்துவிட்டார். தெரேசா அம்மாள் பதறி ஓடிவந்து, என் ஒயினில் என்ன குறை என்று கேட்டார். குறை ஒன்றுமில்லை, இவர் மாதாவுக்கு வாக்குக் கொடுத்தவர், குடிக்க மாட்டார் என்று சொன்னேன். அந்த அம்மாள் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டார். இரண்டு கோப்பைகளையும் வாரிக்கொண்டு உள்ளே போனார். பாத்திரங்களை உருட்டுகிற சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் மேசைமேல் ஒரு சோடா பாட்டிலும், புளிப்புச் செர்ரிப் பழத்தில் காய்ச்சின சிவப்புப் பாகும் வந்து உட்கார்ந்தன.

சவரி வாசலுக்குப் போகத் திரும்பினவர், பாட்டில் கழுத்தைப் பார்த்துவிட்டார்.

"கோலி சோடா!" என்றார். "தோ பார்றா, இங்கியும் கோலி சோடா கீது!"

திரும்பி வந்தார். உட்காரவில்லை. என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: "நீ வாய மூடிகினு இருந்திருந்தா நான் குடிச்சிருப்பேன். ராசியும் ஆயிருக்கும். இன்னாத்துக்குச் சொன்ன?"

"பொய்யா ஒரு ராசி எதுக்கு மச்சான்?"

அவர் நாற்காலியை இழுத்து, தங்கைக்கு எதிரில் குந்தினார். இரண்டு டம்ளரில் பாகை ஊற்றினார். பாட்டிலை எடுத்துக் கட்டைவிரலைக் கோலிமேல் வைத்தார். ஆனால் அழுத்தவில்லை.

"கேக்க வேண்டியத இப்பவே கேட்டுக்கோ. கோலி உள்ள போச்சின்னா அப்பால கேக்கக் கூடாது, தெரியும் இல்ல?"

பிலோமினா டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அம்மா என்னிய கேட்டுச்சாண்ணே?"

"கேட்டுச்சி. கண்ணு தொறக்கறப்பலாம் உன்னியதான் கேட்டுச்சி. இன்னா சொல்றது நானு? வந்துகினு கீதும்மான்னு சொன்னேன். தெனம் ஒரு ஊரு சொன்னேன். கப்பல் ஏறிடுச்சி, ஏடன் தாண்டிடுச்சி, கொளும்பு வந்துடுச்சின்னு. கடேசி நாளு, ஆர்பர்ல எறங்கிடுச்சிம்மா, தோ ரிக்சால வருதுன்னு சொன்னேன். வாசப்பக்கம் திரும்பிப் படுத்துச்சி. சிரிச்சிகினேதான் போச்சி."

அவர் கோலியையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உன் வயித்துல புள்ளன்னு எனுக்குத் தெரியாதா? தெரியும். வரமுடியாதுன்னும் தெரியும். ஆனா எங்கம்மாவ பொய் சொல்லி அனுப்ச்சேனே, அத்த யார் மேல காட்றது? உம்மேலதான் காட்டினேன். வேற யார் கீறா எனுக்கு?"

பிலோமினா மேசைக்கு மேலே கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவர் அழுத்தினார். கோலி கிளுக்கென்று உள்ளே போனது. சோடா சீறிக்கொண்டு பாகில் விழுந்தது. டம்ளர் இரண்டும் சிவந்து பொங்கின.

"குடி, குடி. நொர அடங்கிடப் போவுது" என்றார் அண்ணன்.

இரண்டு பேரும் ஒரே மூச்சில் குடித்தார்கள். பிலோமினாவுக்குப் புரையேறிவிட்டது. அவர் அவள் தலையில் தட்டினார், சின்ன வயதில் தட்டியிருப்பாரே, அந்த மாதிரி.

அதற்கப்புறம் அவர்கள் பழைய கதையைப் பேசவே இல்லை. யார் யாருக்குக் கல்யாணம் ஆனது, திருவொற்றியூர் ரோட்டில் எந்தக் கடை மாறியது, கோயில் திருநாளில் எந்தத் தெருக்காரன் தேரைத் தூக்க வரவில்லை என்று ஓயாமல் பேசினார்கள். ரோசிக்குக் கோலி உடைப்பது எப்படி என்று சவரி சொல்லிக் கொடுத்தார். கட்டைவிரலில் பலம் வேண்டாம், உள்ளங்கையில் வேண்டும் என்றார். அவளுக்குத் தமிழ் தெரியாது என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். அவள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் துறைமுகத்தில் அவர் ஏணியில் ஏறும்போது, "மாமா!" என்று கத்தினாள். அத்தனை பேர் நடுவில், அவ்வளவு சத்தமாக.

அந்த லம்புருஸ்கோ பாட்டிலை வீணாக்க மனமில்லாமல் நான் ஒருவனே முடித்தேன். நுரை போய்விட்டிருந்தது. நல்ல சரக்கு என்றால் நுரை போனபிறகும் குடிக்கலாம் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

7

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சவரி வந்துபோய் ஒரு வருஷம் ஆனதால் பூசை முடிந்ததும் மூன்று பேரும் தெரேசா அம்மாள் ஓட்டலுக்குப் போனோம். மலைமேல் ஓட்டலில் கூஜாவைத் திருப்பி அனுப்பின கதையைச் சொன்னேன். அந்த அம்மாள் கைகொட்டிச் சிரித்துவிட்டு, தம்பி தோட்டத்துப் பாட்டிலை எனக்கும், கோலி சோடாவும் செர்ரிப் பாகும் அவர்களுக்கும் கொண்டு வந்து வைத்தார். கோலியை ரோசிதான் உடைத்தாள். உள்ளங்கையால்.

ஆசிரியர் கேட்ட நாகரிகத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை என்று இப்போதுதான் கவனிக்கிறேன். பரவாயில்லை. உங்களில் யாராவது கப்பலில் இந்தப் பக்கம் வந்தால், தெரேசா அம்மாள் ஓட்டல் சந்து முனையில் நின்று ராயபுரம் வீடு எது என்று கேளுங்கள். யாரும் காட்டுவார்கள். குடிக்கிறவர்களுக்கு இந்த ஊரிலேயே சிறந்த சிவப்பு ஒயினும், குடிக்காதவர்களுக்குச் சிவப்புக் கலரும் வாங்கித் தருவது என் பொறுப்பு.

ரோசி டம்ளரைக் காலி செய்துவிட்டு, மேசைப் பக்கத்தில் ஒரு நாற்காலி சும்மா இருப்பதைப் பார்த்தாள். அம்மாவிடம் திரும்பி, இத்தாலியில் இல்லை, தமிழில், அதுவும் சவரி பேசுகிற தமிழில் கேட்டாள்.

"மாமா எங்க கீது?"

பிலோமினா உதட்டில் ஒட்டியிருந்த நுரையைத் துடைத்தாள். "வந்துகினு கீது" என்றாள். "ஏடன் தாண்டிடுச்சி."

சனிக்கிழமை மதியம் வரப்போகிற கப்பல்களை எழுதிப் போடுகிற எங்கள் ஆபீஸ் கரும்பலகையில் சவரியின் கப்பல் பெயரை நான்தான் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தேன். இந்தத் தடவை அது பொய் இல்லை.